‘சேஃப்’ படத்தை முதன்முறை பார்க்கப்போகிறவர்களுக்கு

டாட் ஹெய்ன்ஸ் எழுதி இயக்கிய ‘சேஃப்’ படத்தை நான் பரிந்துரைத்துப் பார்த்தவர்களில் பலர் ஒரே கேள்வியோடு திரும்பி வருகிறார்கள்: “கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்னதான் நோய்?” படம் அதற்குப் பதில் சொல்வதில்லை. பதிலுக்காகவே காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 119 நிமிடமும் வீணாகப் போய்விட்டதாகத் தோன்றுகிறது. இவ்வளவு நல்ல படம் இப்படிக் கைநழுவிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டி.

படம் 1995 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. பெரிய ஸ்டூடியோக்களின் துணையில்லாமல், ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவில் எடுத்த சுயாதீனப் படம். வந்த புதிதில் கூட்டம் சேரவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டு முடியும்போது, நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 1990களின் மிகச் சிறந்த படம் என்று இதையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன். கதாநாயகி கேரலுக்கு நோய் இருக்கிறது என்பதை முதலிலேயே நம்பிவிடுங்கள். அவள் நடிக்கிறாளா, கற்பனை செய்துகொள்கிறாளா என்று துப்பறிய வேண்டாம். அவளைச் சுற்றி இருப்பவர்கள் அந்த நோய்க்கு என்னென்ன விளக்கம் தருகிறார்கள், அந்த விளக்கங்கள் அவளை என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். படம் தானாகத் திறந்துகொள்ளும்.

பார்ப்பதற்கு முன்: இடமும் ஆண்டும்

கதை ஒரு வரியில் அடங்கும். லாஸ் ஏஞ்சலஸின் புறநகர்ப் பகுதியில் வசதியாக வாழும் கேரல் வைட் என்ற இல்லத்தரசிக்கு, அன்றாடம் புழங்கும் பொருள்களே ஒத்துக்கொள்ளாமல் போகின்றன. வண்டிப் புகை, முடி சுருட்டும் மருந்து, வாசனைத் திரவியம், பூச்சி மருந்து என்று ஒவ்வொன்றாக அவள் உடலைத் தாக்குகின்றன. மருத்துவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கிக்கு அருகே இருக்கும் ரென்வுட் என்ற நலவாழ்வு மையத்துக்குப் போகிறாள். கேரலாக நடித்திருப்பவர் ஜூலியன் மூர். முழுப் படத்தையும் தோளில் சுமக்கும் கதாநாயகிப் பாத்திரம் அவருக்கு இதற்கு முன் அமைந்ததில்லை.

இடம், சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடபகுதி இது. 1913இல் தொலைதூர ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வந்தது; அந்தத் தண்ணீருக்காகவே 1915இல் இப்பகுதியின் பெரும்பகுதி நகரத்தோடு இணைந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆரஞ்சுத் தோப்புகளை அழித்து வரிசை வரிசையாக வீடுகள் கட்டினார்கள். கடைக்கும் கார்தான், தோழி வீட்டுக்கும் கார்தான். மலைச்சரிவுகளில் கதவு போட்ட பெரிய மாளிகைகள் எழுந்தன. ஹெய்ன்ஸ் இதே பள்ளத்தாக்கில் என்சினோ என்ற பகுதியில் வளர்ந்தவர். வெளியிலிருந்து வந்து பரிகாசம் செய்கிறவரின் பார்வை இதில் இல்லை. அந்த வீடுகளின் குளிரூட்டிய காற்றைச் சிறுவயதிலிருந்தே சுவாசித்தவரின் பார்வை இது.

ஆண்டு 1987. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எய்ட்ஸுக்கு எதிரான முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்காவில் அந்த மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. அதே மார்ச்சில் நியூயார்க்கில் ‘ஆக்ட் அப்’ என்ற போராட்ட அமைப்பு தொடங்கியது. அதிபர் ரீகன் அந்த நோயைப் பற்றி முதல் முக்கிய உரை நிகழ்த்தியது மே மாதக் கடைசியில். அதற்குள் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். தன்பாலீர்ப்பாளரான ஹெய்ன்ஸ் அந்தப் போராட்டத்தில் பங்கெடுத்தவர். படத்தில் எய்ட்ஸ் என்ற சொல் அரிதாகவே வருகிறது. ஆனால் காரணம் தெரியாத நோய், கைவிரிக்கும் மருத்துவம், நோயாளியின் வாழ்க்கைமுறையையே குற்றம் சொல்லும் ஊர் என்று எல்லாமே அந்தக் காலத்தின் காற்றில் இருந்தவை. தொடக்கத்தில் தோழி லிண்டா தன் சகோதரன் திடீரென்று இறந்துபோனதைச் சொல்வாள். கேரல் ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கி, அந்தச் சொல்லை உச்சரிக்காமலே விட்டுவிடுவாள். அவள் எதைக் கேட்க வந்தாள் என்பது லிண்டாவுக்குப் புரியும். அவன் மணமாகாதவன், அதனால் எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள் என்பாள். சில நொடிகளில் கடந்துவிடும் காட்சி, தவறவிட்டுவிடாதீர்கள்.

கேரலுக்கு வந்திருக்கும் நோயைப் படத்தில் சுற்றுச்சூழல் நோய் என்கிறார்கள். பல்வேதிப்பொருள் ஒவ்வாமை என்றும் சொல்வதுண்டு. 1950களில் சிகாகோவின் ஒவ்வாமை மருத்துவர் தெரன் ராண்டால்ஃப் இந்தக் கருத்தை முன்வைத்தார். மருத்துவ உலகம் இன்றுவரை இதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நோயாளிகள் படும் துன்பத்தை யாரும் மறுக்க முடியாது. அதன் காரணம் என்ன என்பதில்தான் சண்டை. நகரத்தைத் துறந்து அரிசோனாவின் ஸ்னோஃப்ளேக் போன்ற இடங்களுக்குக் குடிபோனவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். இந்த அளவு தெரிந்திருந்தால் போதும். இதற்குமேல் மருத்துவக் கட்டுரைகளைப் படித்துவிட்டு உட்கார்ந்தால், கதையை விட்டுவிட்டு நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கிவிடுவீர்கள்.

எப்படி உட்கார்ந்து பார்ப்பது

கைப்பேசியில் பார்க்க வேண்டாம். இது பொதுவாகச் சொல்லும் உபதேசம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். இந்தப் படத்துக்கு இது கட்டாயம். ஒளிப்பதிவாளர் அலெக்ஸ் நெப்போம்னியாஷி பெரும்பாலான காட்சிகளை எட்ட நின்று எடுத்திருக்கிறார். பெரிய வரவேற்பறை, உயரமான கூரை, அதன் ஒரு மூலையில் கேரல். சிறிய திரையில் அவள் முகமே தெரியாது. யார் பேசுகிறார்கள் என்றுகூடச் சில நேரம் புரியாது. வீட்டிலேயே பெரிய திரை எதுவோ அதில் பாருங்கள். விளக்கை அணையுங்கள். இயக்குநரின் மேற்பார்வையில் புதுப்பித்து 2014இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட பதிப்பு கிடைத்தால் மிகவும் நல்லது. வெளிறிய இளஞ்சிவப்பும் நீலப்பச்சையும் அதில் சரியாகத் தெரிகின்றன.

அடுத்தது ஒலி. நல்ல ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வசனம் இல்லாத இடங்களிலும் இந்தப் படம் மௌனமாக இருப்பதில்லை. குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம், எங்கோ போகும் விமானம், பக்கத்து அறையில் ஓடும் தொலைக்காட்சி, வாகன இரைச்சல் என்று ஏதோ ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எட் டோம்னியின் இசையும் அந்த ரீங்காரத்திலிருந்தே கிளம்பி வருவதுபோல இருக்கும். அதனால் காட்சிக்கு ஏற்ப நம்மை அழவைக்கவோ பதறவைக்கவோ பின்னணி இசை வராது. எந்த இடத்தில் எதை உணர வேண்டும் என்று இசை சொல்லிக்கொடுத்துப் பழகியவர்களுக்கு முதல் கால் மணி நேரம் கை பிடிக்க ஆளில்லாததுபோல இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில வசன வரிகள் கட்டாயம் வேண்டும். கேரலின் குரல் அவ்வளவு மெலிது. வாக்கியங்களை முடிக்கமாட்டாள். ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்விபோல மேலே தூக்கி நிறுத்திவிட்டு, பேசியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரிப்பாள். அந்தக் குரலுக்கு உடம்போடு தொடர்பே இல்லாதது போலிருக்கும். மூர் திட்டமிட்டு உருவாக்கிய குரல் இது.

இரண்டு நாளாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஒரே இருப்பில் பார்த்தால்தான் அந்தச் சோர்வு நமக்குள் ஏறும். ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ பெயர் தெரியாத நோயோடு மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்துகொண்டிருக்கும் நேரம் என்றால் இப்போது வேண்டாம். வெட்டு, கொலை எதுவும் இல்லாத படம்தான்; ஆனால் மூச்சுத்திணறலும் வலிப்பும் வருகின்றன. அதைவிட, மருத்துவரின் அறையில் நம்பப்படாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நிலை மிகவும் நெருக்கமாக வந்து தைக்கும்.

முதல் அரை மணி: அவள் எங்கே நிற்கிறாள்?

படம் ஓடும் காருக்குள்ளிருந்து தொடங்குகிறது. இருட்டும் நேரத்தில் அகலமான தெருக்கள், ஒரே மாதிரி விளக்குகள், கதவுகள். கார் வீட்டுக் கொட்டகைக்குள் நுழைகிறது. கேரல் இறங்கித் தும்முகிறாள். ஒரே ஒரு தும்மல். அடுத்து படுக்கையறை. கணவன் கிரெக்கின் உடலுக்குக் கீழே அவள் முகம், மேலிருந்து. அவனது தோளுக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டு முதுகை மெல்லத் தட்டிக்கொடுக்கிறாள்.

இங்கிருந்து ஒவ்வொரு காட்சியிலும் ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள். காட்சி தொடங்கியதும் கேரல் திரையின் எந்த இடத்தில் இருக்கிறாள், எத்தனை பங்கு இடத்தை அடைத்திருக்கிறாள் என்று பாருங்கள். பெரும்பாலும் மேசையும் தூணும் விளக்கும் அவளைவிடப் பெரியவையாக இருக்கும். வீடு அவளுக்குச் சொந்தம் என்ற உணர்வே வராது. அந்த வீட்டில் சரியாகப் பொருத்திய பொருள்களில் அவளும் ஒன்று என்றுதான் தோன்றும்.

சோபா காட்சியில் நின்று பார்க்கச் சொல்வேன். புதிய சோபா கேட்டிருந்தாள், நீலப்பச்சை நிறத்தில். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெரிய கறுப்பு சோபா உட்கார்ந்திருக்கிறது. இந்தப் படத்தில் அவள் உண்மையாகப் பதறும் முதல் தருணம் இதுதான். கடைக்குத் தொலைபேசியில் பேசுகிறாள்; அவளுக்குக் கோபம்கூடச் சரியாக வருவதில்லை. சிரிப்பு வரலாம், சிரித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் இவ்வளவு பெரிய வீட்டில் அவள் தேர்ந்தெடுத்தது என்று சொல்ல அந்த நிறம் ஒன்றுதான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தேர்வும் தவறிப்போகிறது. பின்னால் தன் நோயைப் பற்றிப் பேசும்போது அந்த சோபாவே முழு நச்சு என்பாள். புதிய மரச்சாமான்களின் பசையிலிருந்தும் பலகையிலிருந்தும் ஃபார்மால்டிஹைடு வாயு கசிவது உண்மைதான். படம் அதை ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

இன்னொன்று இரவு உணவு மேசை. கிரெக்கின் மகன் ரோரி (கேரல் அவனுக்குச் சிற்றன்னை) பள்ளிக்காக எழுதிய கட்டுரையை உரக்கப் படிக்கிறான். லாஸ் ஏஞ்சலஸின் ரவுடிக் கும்பல்கள், துப்பாக்கி, ரத்தம் என்று ஆர்வம் பொங்க எழுதியிருக்கிறான். கும்பல்கள் நம் பகுதிக்கு வந்துவிடுமே என்ற பயம் கட்டுரை முழுக்க. அதே நேரம் அந்த வீட்டில் சமைத்து, துடைத்து, கதவு திறப்பவள் லத்தீன் அமெரிக்கப் பணிப்பெண்ணான ஃபுல்வியா. எது ஆபத்து, யார் வெளியாள் என்ற அச்சம் இந்த மதிலுக்குள் முன்பே குடியிருக்கிறது. வேதிப்பொருள் பயம் அந்த இடத்தில்தான் வந்து அமர்கிறது. இந்தப் படத்தின் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களை நான் இந்த மேசைக்குத்தான் அழைத்துப்போவேன்.

உடலைக் கவனியுங்கள், வரிசையாக

ஏரோபிக்ஸ் வகுப்பில் ஒருத்தி கேரலைப் பார்த்து, உனக்கு வியர்ப்பதே இல்லையே என்கிறாள். பாராட்டு போலத்தான் சொல்கிறாள். அங்கிருந்து ஒவ்வொன்றாக வரும். முன்னால் போகும் லாரியின் புகையில் இருமல் பிடித்துக்கொள்ள, காரை ஒரு நிறுத்துமிடக் கட்டடத்துக்குள் திருப்பிச் சுற்றிச் சுற்றி இறக்குகிறாள். அழகுநிலையத்தில் முடி சுருட்டிக்கொள்கிறாள். அதற்குப் பயன்படும் அம்மோனியம் தயோகிளைகோலேட் கரைசலின் காரநெடி அந்தக் காலத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து ரத்தம் வடிகிறது. தோழியின் வளைகாப்பு போன்ற விருந்தில், மடியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்க, மூச்சு திணறுகிறது. உலர்சலவைக் கடையில் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே போய் வலிப்பு வந்து விழுகிறாள்.

இந்த இடங்களில் கேமரா அருகில் ஓடிப்போவதில்லை என்பதைக் கவனியுங்கள். பொதுவாக இத்தகைய காட்சிகளில் கண், கை, வாய் என்று வெட்டி வெட்டிக் காட்டி நம்மைப் பதறவைப்பார்கள். ஹெய்ன்ஸ் எட்டவே நிற்கிறார். விருந்துக்கு வந்த பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுபோலவே நாமும் நிற்கிறோம். நோயாளியைச் சுற்றி நிற்பவர்களின் இடத்தில் நம்மை வைத்துவிடுகிறார்.

மருத்துவர் காட்சிகளில் கேரலைவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் யாரிடம் பேசுகிறார்? கிரெக் உடனிருந்தால் பேச்சு கிரெக்கின் பக்கம் சாய்கிறது. “உங்கள் உடம்பில் ஒன்றுமில்லை” என்ற செய்தி வெவ்வேறு கனிவோடு திரும்பத் திரும்ப வருகிறது. மனநல மருத்துவர் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பார். கேரலிடம் பதில் இல்லை. பதில் சொல்லும் பழக்கமே அவளுக்கு இருந்ததில்லை.

கிரெக்கை வில்லனாக்கிவிடாதீர்கள். எளிதாக அப்படிப் பார்க்கத் தோன்றும். ஒரு காலையில் அவளை அணைத்துக்கொள்கிறான். அவள் அங்கேயே வாந்தியெடுக்கிறாள். அவன் முகத்தில் அந்த நேரம் தெரியும் குழப்பம் நேர்மையானது. மனைவி எங்கோ விலகிப்போய்க்கொண்டிருக்கிறாள், இழுத்துப் பிடிக்க அவனிடம் கைவசம் எதுவும் இல்லை. சான்டர் பெர்க்லி இந்தப் பாத்திரத்தில் செய்திருப்பதற்கு உரிய பாராட்டு கிடைக்கவே இல்லை என்பது என் எண்ணம்.

முதல் பகுதி முடியும் இடத்துக்கு அருகே ஓர் இரவுக் காட்சி வரும். தன் வீட்டுக்குள்ளேயே கேரல், “நான் இப்போது எங்கே இருக்கிறேன்?” என்று கேட்பாள். நம் வீட்டில்தான், கிரெக், கேரலின் வீட்டில் என்று கிரெக் பதில் சொல்வான். அதுவரை படம் உங்களுக்குள் இறங்கவில்லை என்றால், இங்கே இறங்கும் என்று நம்புகிறேன்.

படம் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்தலாம்

இனி வருவது இரண்டாம் பாதியும் முடிவும். தெரிந்துகொண்டு பார்த்தாலும் கெட்டுப்போகும் படம் இது இல்லை. இருந்தாலும் முதன்முறை தெரியாமல் பார்ப்பதே நல்லது. பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ரென்வுட்: கனிவான குரல்களை நம்புவதற்கு முன்

பாலைவனம், மரக்குடில்கள், பாட்டு, கிடார். கேரலின் டாக்சி உள்ளே நுழையும்போது ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவந்து, வண்டி நஞ்சைக் கொண்டுவருகிறது, திரும்பிப் போ என்று கத்துகிறாள். அதன்பின் எல்லாம் அமைதி. முதல் பாதியில் யாரும் நம்பாத கேரலை இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். நமக்கும் அப்பாடா என்றிருக்கும். அந்த நிம்மதியை உணருங்கள். ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

மையத்தின் தலைவர் பீட்டர் டன்னிங், பீட்டர் ஃப்ரீட்மன் நடித்தது. தனக்கும் வேதி ஒவ்வாமை உண்டு, எய்ட்ஸும் உண்டு என்கிறார். அன்பாகப் பேசுகிறார், நகைச்சுவையும் உண்டு. அவர் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். வெளியே இருக்கும் எதுவும் உங்களை நோயாளியாக்கவில்லை, உங்களை நோயில் தள்ளக்கூடியவர் நீங்கள் மட்டுமே என்கிறார். செய்தித்தாள் படிப்பதை நிறுத்திவிட்டதாகவும் பெருமையாகச் சொல்கிறார். குழுவாக உட்காரவைத்து, நீங்கள் ஏன் நோயுற்றீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். ஒவ்வொருவரும் தங்கள் பழைய வலியைத் தோண்டி எடுத்து, அதுதான் காரணம், தவறு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். கணவனை அண்மையில் இழந்த நெல் என்ற பெண் மட்டும் வளைந்துகொடுக்கமாட்டாள். அவளுக்கு அங்கே இடம் சுருங்குவதைப் பாருங்கள்.

இது ஹெய்ன்ஸின் கற்பனையில் திடீரென்று முளைத்ததன்று. 1980களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் லூயிஸ் ஹே என்ற எழுத்தாளர், எய்ட்ஸ் நோயாளிகளுக்காக வாராந்தரக் கூட்டங்கள் நடத்தினார். தன்னைத்தானே வெறுப்பதால் நோய் வருகிறது, நேசிக்கக் கற்றுக்கொண்டால் குணமாகும் என்பது அவருடைய போதனை. குடும்பமும் மருத்துவமும் கைவிட்ட நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அங்கே போனார்கள். அரவணைப்பு கிடைத்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் போதனையின் மறுபக்கம் என்ன? குணமாகவில்லை என்றால், நீ போதுமான அளவு உன்னை நேசிக்கவில்லை. அரசு மருந்துக்குப் பணம் ஒதுக்கவில்லை என்ற கோபம், என் மனம் சரியில்லை என்ற குற்ற உணர்வாக மாறிவிடுகிறது. கோபப்பட வேண்டியவர்கள் ஏன் இந்தப் போதனையை நாடிப் போனார்கள் என்ற கேள்வியிலிருந்து இந்தப் படம் பிறந்ததாக ஹெய்ன்ஸே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தப் படத்தின் நெஞ்சம் இதுதான். மருத்துவர் கேரலிடம் “உனக்கு நோயே இல்லை” என்றார். ரென்வுட் “நோய் உண்டு, அதை உண்டாக்கியவள் நீ” என்கிறது. இரண்டு பாதையும் அவள் வாசலிலேயே போய் முடிகின்றன. வண்டிப் புகையையும் பூச்சி மருந்தையும் பற்றிப் பேச ஆளே இல்லை.

இரண்டு காட்சிகளை மீண்டும் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, தொலைவில் உடல் முழுவதும் மூடிக்கொண்டு விநோதமாக நடந்துபோகும் லெஸ்டர். உண்ணவும் பயம், மூச்சுவிடவும் பயம் என்று பீட்டர் அவனைப் பற்றி இரக்கத்தோடு சொல்கிறார். அவன் யாரோடும் ஒருமுறைகூடப் பேசுவதில்லை. மற்றொன்று, மலைமேல் தெரியும் பீட்டரின் வீடு. குடில்களில் எளிமை, அங்கே மாளிகை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை; கேமரா காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

கேரலின் உரையும் கண்ணாடியும்

முடிவுக்குச் சற்று முன் கேரலின் பிறந்தநாள். கேக் வருகிறது, பேசச் சொல்கிறார்கள். அந்த உரையை வசன வரிகளோடு ஒருமுறை, வரிகள் இல்லாமல் முகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். தன்னை வெறுத்தது, விழிப்புணர்வு, நோய், பொருள்களின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது என்று பிறரிடமிருந்து கேட்ட சொற்களெல்லாம் உடைந்து உடைந்து வருகின்றன. ஒரு வாக்கியமும் கரை சேர்வதில்லை. எல்லோரும் கைதட்டுகிறார்கள். முதல் பாதியில் அவளுக்குப் பேசவே வரவில்லை. இப்போது பேசுகிறாள், ஆனால் கடன் வாங்கிய சொற்களில். மூரின் நடிப்பு உச்சம் தொடுவது இங்கேதான்.

பிறகு அவள் தனியாக, உள்ளே பீங்கான் பூசிய சிறிய குவிமாட அறைக்குப் போகிறாள். நெல்லின் கணவன் இறக்கும்வரை இருந்த அறை அது. நெற்றியில் ஒரு புண். கண்ணாடிக்கு முன் நின்று “உன்னை நேசிக்கிறேன்” என்கிறாள், சற்றுத் தயங்கி, திரும்பவும். கண்ணாடியின் இடத்தில் கேமரா இருப்பதால் நம்மையே பார்த்துச் சொல்கிறாள். இதைச் செய்யச் சொன்னது யார் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ரென்வுட்டின் கிளேர் தன் கதையைச் சொல்லும்போது இதே வழியை முன்பே காட்டிக்கொடுத்திருப்பாள்.

இந்த முடிவை, கடைசியில் தன்னை நேசிக்கக் கற்றுக்கொண்டாள் என்று படிப்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படமாட்டேன். நெற்றிப் புண், மெலிந்த உடல், உலகத்திலிருந்து நகரம், பிறகு மையம், பிறகு குடில், இப்போது சாளரம்கூட இல்லாதது போன்ற இந்த அறை என்று சுருங்கிக்கொண்டே வந்த இடம், எல்லாம் அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. ஆனாலும் படம் முழுவதிலும் அவள் முகம் நமக்கு இவ்வளவு அருகில் வந்ததில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காமல் உங்கள் முடிவுக்கு வாருங்கள்.

பார்த்த பிறகு என்ன செய்யலாம்?

உடனே இணையத்தில் விளக்கம் தேடாதீர்கள். ஒரு நாள் விட்டுவிடுங்கள். முடிந்தால் உடன் பார்த்தவரிடம் பேசுங்கள். நோய் உண்மையா பொய்யா என்ற வாதம் தொடங்கினால், கிரெக்கின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டுப் பேச்சைத் திருப்புங்கள். வீட்டில் நீண்டகால நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்தக் கேள்விக்குத் தரும் பதில்கள், விமர்சனக் கட்டுரைகளில் கிடைக்காதவை.

சில வாரங்கள் கழித்து இரண்டாம் முறை பாருங்கள், முதல் அரை மணியை மட்டுமாவது. முடிவு தெரிந்த பிறகு, கேரல் பால் குடிக்கும் காட்சியும், பழம் மட்டுமே உண்ணும் உணவுமுறையைத் தோழி பரிந்துரைப்பதும் வேறு மாதிரித் தெரியும். யாரோ ஒருவர் சொல்வதை உடனே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் ரென்வுட்டில் தொடங்கியதன்று என்பது அப்போது தெளிவாகும்.

அடுத்து எந்தப் படம் என்று கேட்டால், ஹெய்ன்ஸும் மூரும் மீண்டும் இணைந்த ‘ஃபார் ஃப்ரம் ஹெவன்’. 2002இல் வந்தது, 1957ஆம் ஆண்டின் கனெடிகட் புறநகர் அதன் களம். அதற்காக வெனிஸில் மூருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. இசையும் வண்ணமும் கண்ணீரும் நிறைந்த படம் என்பதால் ‘சேஃப்’ உலர்வாகத் தோன்றியவர்களுக்குக்கூடப் பிடிக்கும். பொறுமை கூடியிருக்கிறது என்று தோன்றினால், ஹெய்ன்ஸ் தனக்கு வழிகாட்டியாகச் சொல்லும் ஷான்டல் அகர்மனின் ‘ஜான் டீல்மன்’ பக்கம் போகலாம். 1975இல் வந்த பெல்ஜியப் படம், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும், உருளைக்கிழங்கு உரிப்பதைக்கூட முழுவதுமாகக் காட்டும். அதற்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்வது நல்லது.